ஒன்பது இரவுக்கான இடங்கள்

காட்டுப் பாதையின் தடுப்புக் கம்பிக்கு முன்னால் கார் நின்றதும் ராசமலருக்கு இறங்கி ஓட வேண்டும் போலிருந்தது. ஐம்பத்து நான்கு வயது. வலது முழங்காலில் பட்டி. முதுகில் ஏற்றவேண்டிய பை பதினொரு கிலோ. ஓடவில்லை. அதற்குப் பதிலாகச் சப்பாத்து நாடாவை மூன்று தரம் அவிழ்த்துக் கட்டினாள்.

"என்னப்பா, கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்ட பொம்பிளை மாதிரி நிக்கிறீர்?" என்றார் அவளுடைய கணவர் ஸ்ரீதரன். "முகமெல்லாம் மினுங்குது."

"வெயில்," என்றாள்.

வெயில் அவ்வளவாக இல்லை. ஜூன் மாதத்துச் சனிக்கிழமைக் காலை, பைன் மரங்களுக்கு மேலே மெல்லிய முகில்.

ஜனவரியில் பிடித்த காய்ச்சல் இது. ஒஸ்லோவில் அவர்கள் இருக்கும் ஹொல்ம்லியாவின் நூலகத்தில் அவள் வழக்கமாக இருந்து வாசிக்கும் யன்னலோரக் கதிரையில் யாரோ ஒரு வரைபடத்தை விட்டுப் போயிருந்தார்கள். ஸ்வீடன் எல்லையோரத்துக் காடு. அதனூடாகத் தெற்கிலிருந்து வடக்கே ஆறுகளைத் தொட்டுத் தொட்டுப் போகும் நெடுந்தூர நடைபாதை ஒன்று சிவப்புப் புள்ளிகளாய்க் கிடந்தது. அன்றைக்கு அவள் கையிலிருந்த நாவல் மூடியபடியே இருந்தது. அடுத்த வாரமும் மூடியபடியே இருந்தது. முதியோர் இல்லத்துச் சலவை அறையில் இயந்திரங்கள் சுழலும்போதெல்லாம் அவள் மனதில் அந்தப் புள்ளிகள் ஓடின. கோடுகள் நெருங்கியிருந்தால் சரிவு, விலகியிருந்தால் சமதரை. நீலக் கீறல்கள் சதுப்பு நிலம், அங்கே போகக்கூடாது. ஆற்றின் வடகரையில் கூடாரம் போட்டால் வெயில் படும். இப்படி ஒவ்வொன்றாகத் தானே கற்றுக்கொண்டு, பங்குனிக்குள் ஒன்பது இரவுக்கு ஒன்பது இடங்களைத் தெரிவுசெய்து ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதி முடித்துவிட்டாள்.

யாருக்கும் சொல்லவில்லை. அவள் எதையும் எளிதில் சொல்லிவிடுகிற ஆள் அல்ல.

இருபத்தெட்டு வருடத் திருமண வாழ்க்கையில் கோடை விடுமுறை என்றால் சொந்தக்காரர் வீடு. லண்டன், பாரிஸ், பெரும்பாலும் ரொறன்ரோ. அங்கே ஸ்ரீதரனின் அக்கா விமலாதேவியின் வீட்டில் காலை ஆறு மணிக்குத் தொடங்கும் பேச்சு இரவு பன்னிரண்டு வரை ஓயாது. ஒஸ்லோவில் பஸ் ஓட்டும் ஸ்ரீதரனுக்கு அது சொர்க்கம். ராசமலர் சமையலறையில் இடியப்பம் பிழிந்துகொண்டு அந்தச் சத்தத்தின் நடுவில் இருப்பாள்.

வைகாசியில்தான் வாய் திறந்தாள். "இந்த முறை ஆடி லீவுக்கு நாங்கள் நடக்கப் போவமா? ஒம்பது நாள்." ஸ்ரீதரன் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். அவள் எதையாவது கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. நிபந்தனை ஒன்று போட்டார்: முதலில் ஒரு இரவு, அவள் தெரிவுசெய்த இடத்தில். அவருக்கு நித்திரை வந்தால் ஒன்பதுக்கும் சம்மதம். வராவிட்டால் ரொறன்ரோ.

அந்த இரவு இதுதான். ஆனால் பையை மாட்டும் நேரத்தில் ஸ்ரீதரனின் போன் சிணுங்கியது. வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அக்கா எழுதியிருக்கிறா. மலிவு டிக்கெட் இண்டையோட முடியுதாம். இரவு எட்டு மணிக்குப் போன் எடுப்பாவாம். ஓம் எண்டால் அந்த இடத்திலயே போட்டிடுவாவாம்."

"இண்டைக்கோ? படுத்து எழும்பி நாளைக்கெல்லோ முடிவு எண்டனீங்கள்?"

"அக்காவோட ஆரப்பா கதைச்சு வெல்லுறது? சரி, ஒண்டு செய்வம். மத்தியானம் சாப்பிட்டால் எனக்கு ஒரு கண் அயரவேணும்தானே. அதை வைச்சுப் பாப்பம். நித்திரை வந்தால் நடை. வராட்டில் கனடா. பேந்து நீர் மூஞ்சையை நீட்டக்கூடாது."

ராசமலர் தலையாட்டினாள். எட்டு மணி என்றதும் அவளுக்குள் ஒன்று திடுக்கிட்டது. அவர்கள் போகிற இடத்தில் போன் வேலை செய்யாது. அதைச் சொல்ல வாய் எடுத்தவள், சொல்லாமல் பையின் வாரை இறுக்கினாள்.

ஆறு வலப்புறம் கூடவே வந்தது. சதுப்பு மண்ணின் சாயம் ஊறிய கறுப்புத் தண்ணீர். வெயில் பட்ட இடத்தில் தேநீர் நிறம். வரைபடத்தில் விரல் நுனியளவு இருந்த வளைவு நேரில் இருநூறு மீற்றர் நீளமாக, பாசி மணத்தோடு, தும்பி பறக்க வந்தபோது அவள் விரலை அதன் பக்கம் நீட்டிப் பார்த்தாள். எழுதியிருந்த இடத்தில் பாலம் இருந்தது. எழுதியிருந்த இடத்தில் பாதை பிரிந்தது. ஐந்து மாதமாகக் கடதாசியில் வாழ்ந்த ஒன்று தன் காலடியில் ஒவ்வொன்றாக உண்மையாகிக்கொண்டு வந்ததை அவளால் தாங்க முடியவில்லை. நடையை வேகமாக்கினாள்.

"மெல்லமாய்! ஆரும் கலைக்கேல்லை!" என்று ஸ்ரீதரன் பின்னாலிருந்து கத்தினார்.

வழியில் தூண்டில் போட்டுக்கொண்டு நின்ற நோர்வேக்காரப் பெண்மணி ஒருத்தியிடம் அவர் நின்றுவிட்டார். மீன் படுகிறதா, என்ன மீன், எங்கேயிருந்து வருகிறீர்கள், தனியாகவா, கரடி உண்டா என்று நோர்வே மொழியில் கேட்டார். அவள் ஐந்து கேள்விக்கு மூன்று சொல்லில் பதில் சொன்னாள்.

"என்ன மனிசரப்பா," என்றார் திரும்பி வந்து. "காசா குடுத்து வாங்கின சொல்லு? உம்மட சொந்தக்காரி போல கிடக்கு."

ராசமலர் சிரித்துவிட்டாள்.

பன்னிரண்டு மணிக்கு முதலாவது இடம் வந்தது. ஆறு வளைந்து, அகன்று, ஆழமாகி, ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாமல் கிடக்கிற மடு. கரையில் கல்லும் வேரும் இல்லாத சமதரை. ஒரு இலை அசைகிற சத்தம்கூட இல்லை. அவள் பையை இறக்கிவிட்டு அப்படியே நின்றாள். இத்தனை மாதம் தேடிய அமைதி இதோ, தொடலாம் போல. கண் கலங்கியது. அதை அவர் பார்ப்பதற்குள் கூடாரத் துணியை உதறினாள்.

கூடாரம் மகள் சாருகாவினுடையது. பேர்கனில் படிக்கிறவள் இரவல் கொடுத்து, போடுகிற முறையைக் காணொளியில் காட்டியிருந்தாள். பத்தே நிமிடத்தில் ராசமலர் அதை நிறுத்தினாள். ஸ்ரீதரன் தன் பையிலிருந்து நான்கு அடுக்குச் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்தார். புட்டு, கணவாய்க் கறி, முட்டைப் பொரியல், கத்தரிக்காய்.

"இதையோ ஆறு கிலோமீற்றர் சுமந்தனீங்கள்? நான் காய்ஞ்ச சாப்பாட்டுப் பைக்கற் கொண்டந்தனான். சுடுதண்ணி ஊத்தினால் சரி."

"அந்தப் பசையை நீர் தின்னும். நான் மனிசன்."

சாப்பிட்டார்கள். அவளும் பைக்கற்றை உடைக்கவில்லை. ஒன்றரை மணிக்கு அவர் கூடாரத்துக்குள் போய்ப் படுத்தார். ராசமலர் மடுவின் ஓரம் இருந்து, கொண்டுவந்த நாவலை விரித்து, ஒரே வரியை வாசித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு நிமிடமும் காது கூடாரத்தில் இருந்தது. அவருடைய குறட்டையை இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக அவள் வேண்டிக் காத்திருந்தாள்.

குறட்டை வரவில்லை. புரளுகிற சத்தம் வந்தது. பிறகு ஒரு அடி. இரத்தம் குடிக்க வந்த நுளம்பு. பிறகு இன்னொரு அடி. தேங்கிய தண்ணீர் என்றால் நுளம்பு என்பதை அவள் எப்படி நினைக்காமல் விட்டாள்?

"மலர்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "என்னப்பா இது, ஒரு சத்தமும் இல்லை? என்ர காதுக்குள்ள இரத்தம் ஓடுறது எனக்குக் கேக்குது. செத்த வீட்டிலயும் ஆரும் இருமுவினம்."

"கொஞ்சம் பொறுங்கோ. பழகிடும்."

மூன்று மணி வரை பொறுத்தார். பிறகு நுளம்பு அடிக்கக் கையில் அகப்பட்டதைத் தேடினார். அகப்பட்டது அவளுடைய குறிப்புப் புத்தகம். அடித்தார், விரிந்தது, வாசித்தார்.

வெளியே வந்தபோது புத்தகம் அவர் கையில் விரிந்தபடி இருந்தது.

"முதலாவது இடம். மடு. சமதரை. காலை வெயில். டெக்னிங் இல்லை," என்று படித்தார். டெக்னிங் என்றால் போனுக்கு வரும் சிக்னல். தாள் திருப்பினார். "ரெண்டாம் நாள் இரவு. கரையில் மணல். டெக்னிங் இல்லை. மூண்டு, டெக்னிங் இல்லை. நாலு, இல்லை. ஒம்பதுக்கும் எழுதி வைச்சிருக்கிறீர். போன் எடுக்காத இடம் ஒம்பது, தற்செயலா அகப்பட்டதோ, தேடிப் பிடிச்சதோ?"

"தேடினனான்," என்றாள் ராசமலர்.

"எட்டு மணிக்கு அக்கா எடுத்தாலும் இஞ்சை வராது."

"வராது."

"காரடியில நான் சொல்லேக்கை உமக்குத் தெரியும்."

"ஓம்."

பஸ்ஸில் குடிவெறியில் ஏறிச் சண்டை பிடிக்கிறவனைக்கூட இரண்டு பகிடி விட்டு இறக்கிவிடுகிற மனிதர். இப்போது அவருக்குப் பகிடி வரவில்லை.

"ஒருத்தனை ஒம்பது நாள் வாயைக் கட்டிக் கூட்டிக்கொண்டு போறதுக்கு என்னோடை உமக்கு என்ன அவ்வளவு கோவம்?"

"கோவமில்லை."

"அப்ப என்ன?"

அவளிடம் பதில் இருந்தது. ஆனால் அது கீழேயிருந்து மேலே வர எப்போதும் நேரம் எடுக்கும். மடுவில் ஒரு மீன் எழும்பி வட்டம் போட்டு, அந்த வட்டம் கரையைத் தொடும்வரை அவள் பேசவில்லை. அவரும் பேசவில்லை. அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியும்.

"ரொறன்ரோவில நாள் முழுக்க எல்லாரோடையும் கதைப்பீங்கள்," என்றாள். "இஞ்சை பஸ்ஸில கதைப்பீங்கள், போனில கதைப்பீங்கள். இரவு என்னட்டை வரேக்கை ஒரு சொல்லும் மிச்சம் இராது. எனக்கு ஒம்பது நாள் மிச்சம் வேணும் எண்டு நினைச்சன்."

ஸ்ரீதரன் புத்தகத்தை மூடி மேற்சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு குனிந்து கூடாரத்தின் ஆணியைப் பிடுங்கினார். ஒன்று. இரண்டு.

முடிந்தது என்று ராசமலர் நினைத்தாள். ஐந்து மாதமும் முடிந்தது. ஆனால் மனம் அப்படியே விழுந்துவிடவில்லை. எங்கேயோ இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது. ஏன் என்று பார்த்தாள். அவர் சொன்ன வார்த்தை. ஒரு சத்தமும் இல்லை.

ஹொல்ம்லியாவில் அவர்கள் வீடு தண்டவாளத்துக்கு மேலேதான். கால் மணிக்கொரு தரம் ரயில் போகும். யன்னல் கண்ணாடி மெல்ல நடுங்கும். ஒவ்வொரு ஜூலையும் திருத்த வேலைக்காக ரயிலை நிறுத்துகிற வாரங்களில் ஸ்ரீதரன் நித்திரையில்லாமல் வீட்டுக்குள் உலாத்துவார். வெக்கை என்றுதான் இருவரும் நினைத்திருந்தார்கள். வெக்கை அல்ல, சத்தம் இல்லாதது! அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"மேலை ஒரு இடம் இருக்கு," என்றாள். வழக்கத்தைவிடப் பெரிய குரலில் வந்தது. "ஒண்டரைக் கிலோமீற்றர். நான் வேண்டாம் எண்டு வெட்டின இடம். அதுக்குப் பக்கத்து மேட்டில டெக்னிங் இருக்கு. ஏறி நிண்டு மச்சாளோட கதைக்கலாம்."

மூன்றாவது ஆணி கையில் இருக்க அவர் நிமிர்ந்தார். "அப்ப ஏன் வெட்டினனீர்?"

"ஒரே சத்தம். தண்ணி பாறையில விழுகிற இடம்."

"என்ன மாதிரிச் சத்தம்?"

"வந்து கேளுங்கோ. பிடிக்காட்டில் நானே எல்லாத்தையும் சுமந்து காருக்குக் கொண்டுவாறன், உங்கட சாப்பாட்டுப் பெட்டியையும்."

அவர் கூடாரத்தைச் சுருட்டிக் கட்டினார். ஆனால் பையைக் காரின் பக்கம் திருப்பாமல் மேற்பக்கம் திருப்பி மாட்டினார்.

இந்த ஒன்றரைக் கிலோமீற்றரையும் ராசமலர் எப்படி நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பாதை ஏறியது, வேர்கள் படிகளாகக் கிடந்தன, முழங்கால் வலித்தது, வலித்தது என்பதும் பிறகுதான் நினைவு வந்தது. முதலில் காலுக்குக் கீழே ஒரு அதிர்வு. பிறகு மரங்களுக்கு அப்பால் ஒரு உறுமல். ஸ்ரீதரன் நின்றார், காதைச் சாய்த்தார்.

"இதென்ன, தண்டவாளம் போட்டிருக்கிறாங்களோ?"

வளைவு திரும்பியதும் ஆறு மேலேயிருந்து மூன்று படியாக இடிந்து விழுந்துகொண்டிருந்தது. கறுப்புத் தண்ணீர் வெள்ளையாகிச் சிதறியது. குளிர்ந்த தூவானம் முகத்தில் பட்டது. நுளம்பு ஒன்றும் இல்லை. அந்தக் காற்றில் அவற்றால் நிற்க முடியாது. கரையில், முன்பக்கம் திறந்த, மூன்று சுவரும் கூரையும் உள்ள மரக் கொட்டில். யாரும் வந்து தங்கலாம், கேட்கத் தேவையில்லை. நோர்வேக்காரர் அதைக் கபஹூக் என்பார்கள். ஸ்ரீதரன் வாசலில் சப்பாத்தைக் கழற்றி, யாரோ பெரிய மனிதர் வீட்டுக்குள் போவதுபோலக் குனிந்து உள்ளே போனார். "முதுகை ஒருக்கா நிமித்துவம்," என்றார், அல்லது அப்படித்தான் சொன்னார் போலிருந்தது. பலகைத் தரையில் நீட்டி நிமிர்ந்தார்.

அவள் மெத்தையை ஊதி எடுத்து வருவதற்குள் வாய் பிளந்திருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. குறட்டை விடுகிறார் என்று வாயின் அசைவில் தெரிந்தது. ஆனால் கேட்கவில்லை! இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக அவருக்குப் பக்கத்தில் இருந்து அவருடைய குறட்டை கேட்கவில்லை. ராசமலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு ஏன் பொத்துகிறேன் என்று கையை எடுத்தாள்.

ஐந்து மணி. ஐந்தேகால். ஐந்தரை. அவர் அசையவில்லை. அவள் நீரோரப் பாறைக்குப் போய் இருந்தாள். எவ்வளவு சத்தம்! ஆனால் சற்று நேரத்தில் அந்தச் சத்தம் ஒரு சுவர் போல எழும்பி, உலகத்தின் மற்ற எல்லாச் சத்தத்தையும் வெளியே நிறுத்திவிட்டது. மடுவில் கிடைத்ததைவிடப் பெரிய மௌனம் இதற்குள் இருந்தது. சத்தம் அதிகம், வேண்டாம் என்று பங்குனியில் எவ்வளவு நிச்சயமாக எழுதியிருந்தாள்! வெள்ளை நெஞ்சுக் குட்டிப் பறவை ஒன்று நுரைக்குள் நேரே நடந்து போய் மறைந்தது. செத்துவிட்டது என்று பதறினாள். அது மேற்பக்கம் வேறு கல்லில் ஏறி நின்று உடம்பை உதறியது.

"ஏய்!" என்று கத்தினாள் ராசமலர்.

தன் குரல் தனக்கே கேட்கவில்லை. இன்னும் ஒரு தரம், அடிவயிற்றிலிருந்து, இரண்டு கையையும் தூக்கிக் கத்தினாள். பிறகு திரும்பிப் பார்த்தாள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஏழுக்குக் கால் மணி இருக்க எழும்பிக் கண்ணைக் கசக்கினார். "எவ்வளவு நேரம்?" என்று கையால் கேட்டார்.

கிட்டப் போய்க் காதுக்குள் சொன்னாள். "ஒண்டே முக்கால் மணித்தியாலம்."

அவர் மிச்சப் புட்டைச் சாப்பிட்டார். முகம் கழுவினார். வாசித்த புத்தகம் இன்னும் அவருடைய மேற்சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது. எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்க, மேடு எது என்று கேட்டார். அவள் காட்டினாள். வெயில் இன்னும் மரங்களின் உச்சியில் நிற்க, தன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் ஏறிப் போனார்.

ராசமலர் கீழே நின்று பார்த்தாள். மேட்டின் நுனிப் பாறையில் அவர் சின்ன உருவமாக நின்றார். போனைக் காதில் வைத்தார். கை ஆடியது. அது அக்காவோடு கதைக்கும்போது எப்போதும் ஆடுகிற கை. பிறகு நின்றது, அக்கா கதைக்கிறா. பிறகு தலை ஆடியது. ஆமென்றா, இல்லையென்றா? இவ்வளவு தூரத்தில் தெரியவில்லை. அவர் ஒரு தரம் திரும்பிக் கீழே அவளைப் பார்த்தார். அவள் கையைத் தூக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். நெஞ்சு அருவியைவிடக் கூடுதலாக இடித்தது. போனைப் பைக்குள் போட்டுவிட்டு இறங்கத் தொடங்கினார். ஓரிடத்தில் சறுக்கி, மரத்தைப் பிடித்து, எதையோ கத்தினார்.

"கேக்கேல்லை!" என்று கத்தினாள்.

அவர் மறுபடி கத்தினார். வாய்தான் அசைந்தது. அவள் கல்லில் தாவித் தாவி ஓடினாள். கிட்ட வந்ததும் அவர் அவளுடைய தோளைப் பிடித்துக் காதோடு வாயை வைத்தார்.

"அக்கா சொல்லுறா, தாங்களும் வரட்டோ எண்டு. பிள்ளையளோட ஏழு பேர்."

"ஏழு பேரோ?" என்றாள் ராசமலர்.

"நான் சொன்னன், ஒரு நாளைக்குப் பதினெட்டுக் கிலோமீற்றர், கக்கூஸ் இல்லை எண்டு."

"அதுக்கு?"

"போனை வைச்சிட்டா."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். உண்மையா என்று கேட்கத் தேவை இருக்கவில்லை. பகிடி திரும்பி வந்திருந்தது. "கத்தாதையும்," என்றார் ஸ்ரீதரன். அவள் கத்திக்கொண்டுதான் இருந்தாள்.

கொட்டிலுக்குள் சிறிய வாயு அடுப்பில் தேநீர் கொதித்தது. ஒருவரோடொருவர் கதைக்கத் தோளோடு தோள் ஒட்டி இருக்க வேண்டியிருந்தது. அவர் புத்தகத்தை எடுத்து முழங்காலில் விரித்து, பேனை கேட்டார்.

"இதைத் திருத்தாமல் நான் வரேல்லை. ரெண்டாவதில தண்ணி விழுகுதோ?"

"இல்லை. ஆனால் அரைக் கிலோமீற்றர் கீழை விழுகுது."

"கீழை போவம். மூண்டு?"

"பாலத்தடியில போடலாம். இரையும்."

"நாலு?"

இப்படியே போனது. ஐந்தை மாற்றினார்கள். ஆறுக்கு வந்ததும் ராசமலர் பேனைக்கு மேலே கையை வைத்தாள். காட்டின் நடுவில் ஒரு ஏரி. சுற்றிவர ஒன்றும் இல்லை. காற்றும் அடிக்காத பள்ளம்.

"இது மாத்தேலாது. இது எனக்கு."

"மடு மாதிரியோ?"

"அதைவிட."

"அண்டிரவு நான் என்னெண்டு நித்திரை கொள்ளுறது?"

"கொள்ளவேண்டாம். இருந்து கதையுங்கோ."

ஸ்ரீதரன் யோசித்தார். தேநீரை ஊதிக் குடித்தார். "விடியுமட்டும் கதைக்கிறதுக்கு என்னட்டை அவ்வளவு இருக்கோ தெரியாது," என்றார்.

"ஒரு மாதம் கிடக்குத்தானே," என்றாள் ராசமலர். "யோசிச்சு வையுங்கோ."